ஆட்சி வந்தது, நிலம் வரவில்லை

2008 ஆகஸ்ட் 4. அப்போது சவூதியில் ஜுபைல் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோரில் எனக்கு வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் டிரைவர் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். பிலிப்பைன்ஸ்காரர். மிண்டானாவோ தீவில் பிகிட் என்கிற ஊர். முஸ்லிம் என்பதால் நாங்கள் தமிழ் ஆட்கள் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். "நாளைக்குக் கோலாலம்பூரில் கையெழுத்து. என் தாத்தா நிலத்துக்கு ஒரு வழி பிறக்கப்போகிறது" என்றார்.

சாயங்காலத்துக்குள் மணிலாவிலிருந்து செய்தி வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் கையெழுத்துக்குத் தடை போட்டுவிட்டது. பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து போட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, போனைக் காதில் வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்முனையில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள்.

போன வாரம் ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது பங்சமோரோ, அதாவது மிண்டானாவோ பக்கத்து முஸ்லிம்களின் தன்னாட்சிப் பகுதி, பற்றிப் பேச்சு வந்தது. "அதான் தனி ஆட்சி கொடுத்துவிட்டார்களே, அந்தப் பிரச்சனை முடிந்த கதை" என்றார். என் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகவே.

அன்று கையெழுத்தாக இருந்தது பிலிப்பைன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையிலான ஒப்பந்தம். மோரோ என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம் மக்கள். அவர்களின் பூர்வீக நிலம் பற்றியது. ஏற்கெனவே இருந்த முஸ்லிம் மிண்டானாவோ தன்னாட்சிப் பகுதியோடு, பக்கத்து மாகாணங்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட பராங்காய்கள் (நம் ஊராட்சி மாதிரி, ஆகச் சிறிய நிர்வாக அலகு) ஒரு வருடத்துக்குள் வாக்கெடுப்பு நடத்தி, விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம். இயற்கை வளங்களின் வருமானத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து அங்கே, இருபத்தைந்து மணிலாவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாசகம்: இது மோரோக்களின் பூர்வீக நிலம், பொதுச் சொத்தான அரசு நிலத்தில் சேராது என்று. பாய் பேரீச்சம்பழம் கொடுத்தது அந்த ஒரு வாசகத்துக்காகத்தான்.

ஏன் என்று புரிய நூறு வருடம் பின்னால் போக வேண்டும். 1898இல் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. சுலு, மகிந்தனாவோ சுல்தான்களின் மண்ணை ஸ்பெயின் முழுசாக ஆண்டதே இல்லை. ஆனாலும் பட்டியலில் அதுவும் சேர்ந்தே போனது. பிறகு அமெரிக்கர்கள் செய்த காரியத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். 1903இல் ஒரு சட்டம் போட்டார்கள். சுல்தான்களும் தாத்துகளும் அரசின் அனுமதி இல்லாமல் கொடுத்த நிலக் கொடைகள் எதுவும் செல்லாது. தாத்து என்றால் ஊர்த் தலைவர். அதாவது, தலைமுறை தலைமுறையாக 'இன்னார் குடும்ப நிலம்' என்று ஊரே ஒத்துக்கொண்ட மண், ஒரே நாளில் புறம்போக்கு. காகிதம் இருந்தால்தான் நிலம். காகிதம் வேண்டுமென்றால் சர்வேக்கு மனுப் போட வேண்டும், அந்நிய மொழியில், அவர்கள் நம்பாத ஒரு அரசாங்கத்தின் ஆபீசில்.

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. 1919இல் வந்த நிலச் சட்டப்படி கிறிஸ்தவக் குடியேறி 24 ஹெக்டேர் கேட்கலாம், 'கிறிஸ்தவர் அல்லாதவர்' 10 ஹெக்டேர்தான். 1936இல் அது 16க்கு 4 ஆனது. சொந்த ஊரில் இருப்பவனுக்கு நாலு, கப்பலில் வந்து இறங்குபவனுக்குப் பதினாறு! இதை யாரும் ரகசியமாகச் செய்யவில்லை, சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். 1939இல் ஜெனரல் பவுலினோ சாந்தோஸ் தலைமையில் கொரோனடால் பள்ளத்தாக்குக்கு அரசே கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. குத்துச்சண்டை வீரர் பாக்கியாவ் வளர்ந்த ஊர் ஜெனரல் சாந்தோஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊருக்குப் பெயர் வந்தது அவரால்தான். 1903 கணக்கெடுப்பில் மிண்டானாவோவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருந்த முஸ்லிம்கள், இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இனி எங்கள் ஸ்டோரில் இருந்த இன்னொருவர் பற்றிச் சொல்ல வேண்டும். வெல்டர். இலோங்கோ மொழி பேசும் கிறிஸ்தவர். எல்லோருக்கும் 'கூயா', அதாவது அண்ணன். அவர் ஊர் அலியோசான். பிகிட்டுக்குப் பக்கத்து ஊரேதான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவர்தான் சொன்னார். அலிமோடியான், லியோன், சான் மிகேல், இந்த மூன்று ஊர்களின் பெயரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டியது. மூன்றுமே பனாய் தீவில், இலோய்லோ பக்கம் இருக்கின்றன. குடியேறி வந்தவர்கள் விட்டுவந்த ஊர்களைச் சேர்த்துப் புது ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்களும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்தானே. அங்கே பண்ணையாரின் கரும்புக் காட்டில் கூலி வேலை, இங்கே சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்று அரசாங்கம் சொன்னதை நம்பிக் கப்பல் ஏறியவர்கள்.

ஒரு நாள் பாய் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் மார்க்கரால் படம் போட்டுக் காட்டினார். ஒரு வளைந்த கோடு, ஆறு. கீழே பெரிய வட்டம், லிகுவாசான் சதுப்பு. ஆற்றோரம் ஒரு புள்ளி வைத்து, "இது தாத்தாவின் கபர். கபர் இருக்கிற நிலம் இப்போது இன்னொருத்தர் பட்டாவில்" என்றார். கூயா எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "என் அப்பா பிறந்ததும் அந்த மண்ணில்தான், பாய். நான் எங்கே போவேன்?" என்றார். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். பாயிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அலியோசானிலோ பக்கத்து ஊரான மிட்சயாப்பிலோ ஒருவரிடமும் அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஊர்கள் இருக்கிற வடக்கு கொத்தபாத்தோ மாகாணத்தின் அரசு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தன் மாகாணத்தின் எந்தெந்த ஊர் பட்டியலில் இருக்கிறது என்று அந்த மாகாணத்துக்கே தெரியாது. சம்போவாங்கா, இலிகான் நகரங்களும் வழக்கில் சேர்ந்துகொண்டன. அக்டோபர் 14ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஏழு பேர் மறு பக்கம். மக்களிடம் கலந்து பேசவில்லை, தகவல் அறியும் உரிமையை மீறியது, அரசியலமைப்பையே திருத்துவதாக அரசு வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லி ஒப்பந்தத்தைச் செல்லாது என்றார்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தத் தீர்ப்பில் ரகசியம் பற்றிச் சொன்னது சரி. மூன்று தலைமுறையாக ஓரிடத்தில் இருப்பவனிடம், உன் ஊர் நாளையிலிருந்து வேறு ஆட்சியில் வரலாம் என்று சொல்லாமல் கையெழுத்துப் போட எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மணிலாவில் ஆடிய அரசியல்வாதிகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. 'நாட்டைத் துண்டு போடுகிறார்கள்' என்று கூச்சல் போட்டார்களே, அந்த நிலம் முதலில் எப்படிக் கைமாறியது என்று அவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? 24க்கு 10 என்று போட்ட சட்டத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? கலந்து பேசாதது தப்பு என்றால், மறுநாளே கலந்து பேச உட்கார்ந்திருக்கலாம். அப்போதைய ஜனாதிபதி அரோயோவின் அரசு என்ன செய்தது? ஒப்பந்தத்தையே கைகழுவியது, தன் பேச்சுவார்த்தைக் குழுவையும் கலைத்தது.

அதற்குள் சண்டை வெடித்துவிட்டது. முன்னணியின் தளபதிகளில் உம்ப்ரா கட்டோவின் ஆட்கள் வடக்கு கொத்தபாத்தோ கிராமங்களுக்குள் நுழைந்தார்கள். ஆகஸ்ட் 18ஆம் தேதி 'பிராவோ' என்கிற தளபதியின் ஆட்கள் லனாவோ டெல் நோர்ட்டேயில் கொலம்புகான், கவுஸ்வாகான் ஊர்களைத் தாக்கிப் பொதுமக்களைக் கொன்றார்கள். அது கொலைதான். எந்த வரலாற்று அநியாயத்தைக் காட்டியும் அதற்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. ராணுவம் பீரங்கியோடு வந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

'பக்வித்' என்று ஒரு வார்த்தை அங்கே உண்டு. ஊரைக் காலி செய்து ஓடுவதற்கும் அப்படி ஓடியவர்களுக்கும் அதே வார்த்தைதான். பிகிட் ஆட்கள் வருடத்தை அதை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். 97 பக்வித், 2000 பக்வித், 2003 பக்வித். பாயின் கடைசி மகன் 2000 பக்வித்தில் பள்ளிக்கூட பெஞ்சில் பிறந்தவன். அந்த ஆகஸ்டில் பாயின் அம்மா மறுபடியும் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார். கூயாவின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு மிட்சயாப்பில் சொந்தக்காரர் வீட்டில். எங்கள் ஸ்டோரில் ஒரு சவா போன் கார்டை இருவரும் பாதிப் பாதியாகப் பேசித் தீர்த்தார்கள். முதலில் பாய், அப்புறம் கூயா. ஒருவர் பேசும்போது மற்றவர் பக்கத்திலேயே நிற்பார். பேசி முடித்ததும் ஒரே கேள்விதான்: "உங்க வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா?"

சரி, பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் அடுத்த ஜனாதிபதி அக்கினோவின் அரசு புது அடித்தள ஒப்பந்தம் போட்டது. இந்த முறை நகலை முன்கூட்டியே வெளியிட்டார்கள், அந்த அளவுக்குப் பாடம் படித்திருந்தார்கள். 2014 மார்ச்சில் முழு ஒப்பந்தம். 2015 ஜனவரியில் மமாசபானோவில் நடந்த மோதலில் சிறப்புப் போலீஸ் படையினர் 44 பேர் இறந்ததும் நாடே கொதித்தது, ஒப்பந்தத்தைச் சட்டமாக்கும் மசோதா கிடப்பில் போனது. கடைசியில் 2018இல் சட்டமாகி, 2019இல் வாக்கெடுப்பு. பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி பிறந்தது, முன்னணியின் தலைவர் முராத் இப்ராஹிம் முதலமைச்சர் ஆனார். மத்திய வரி வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வருடா வருடம் நேரே அங்கே போகிறது. நான் இதைச் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. ஐம்பது வருடச் சண்டைக்குப் பிறகு, இருபத்தாறாயிரம் பேர் வரை ஆயுதத்தை ஒப்படைத்திருக்கிறார்கள்.

வாக்கெடுப்பில் இரண்டு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. லனாவோ டெல் நோர்ட்டேயில் ஆறு ஊர்கள் சேர்கிறோம் என்று வாக்களித்தன. ஆனால் மாகாணம் முழுசும் சம்மதிக்க வேண்டும் என்று விதி. மாகாணம் மறுத்தது, ஆறு ஊரும் வெளியே. சுலுவில் நேர் எதிர். அந்த மாகாணம் வேண்டாம் என்றது. பழைய தன்னாட்சிப் பகுதி முழுசையும் ஒரே வாக்காக எண்ணி அதை உள்ளே இழுத்தார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சுலுவை வெளியே எடுத்தது. மோரோ நண்பர்கள் பலருக்கு அதில் வருத்தம். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. 'எங்களைக் கேட்காமல் எங்களைச் சேர்த்தார்கள்' என்பதுதானே 1898இலிருந்து மோரோக்களின் வழக்கு? அதையே சுலுவுக்கு எப்படிச் செய்யலாம்? அதே நியாயப்படி அந்த ஆறு ஊரையும் உள்ளே விட்டிருக்க வேண்டும்.

இப்போது நண்பர் சொன்னதற்கு வருகிறேன். 2008 ஒப்பந்தத்தின் உயிர் நிலம். 2018 சட்டத்தின் உயிர் ஆட்சி. நாடாளுமன்றம், பட்ஜெட், அமைச்சர்கள் எல்லாம் உண்டு. அநியாயமாகப் பறிபோன நிலத்துக்கு நீதி வழங்க ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நிலப் பறிப்பை விசாரித்த நீதி மற்றும் நல்லிணக்க ஆணையம் 2016இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. என்ன நடந்தது என்று தெரியாமல் யாரும் இல்லை. பாய் குடும்பத்துக்கு அவர்கள் நிலத்தின் விலையை, அல்லது வேறு நிலத்தை, அரசு கொடுக்க வேண்டும். கூயாவின் பட்டாவில் கை வைக்கக் கூடாது. தப்பு செய்தது மணிலா, கடனை அடைக்க வேண்டியதும் மணிலா. இதைச் சொல்லப் பெரிய சட்ட ஞானம் எல்லாம் வேண்டியதில்லை.

மோரோத் தலைவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மகிந்தனாவோ மலைகளில் தெடுராய், லம்பங்கியான் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் முஸ்லிம்களாக மாறாத, பூர்வகுடிகள். இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் தங்கள் பூர்வீக நிலம் என்று 2005இலிருந்து மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில், அதாவது புது ஆட்சி வந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், பங்சமோரோ இடைக்கால நாடாளுமன்றம் அந்த நிலத்தை அளக்கும் வேலையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதைப் படித்த அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது. 1903இல் உங்களுக்கு நடந்தது என்ன? உங்கள் வழக்கப்படி இருந்த நிலத்துக்கு அடுத்தவன் ஆபீசில் காகிதம் கேட்டார்கள். இன்று ஆபீஸ் உங்களுடையது. தெடுராய் பெரியவர் ஒருவர் வாசலில் நிற்கிறார்.

பாய் ஊருக்குத் திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டது. 2019 பிப்ரவரி வாக்கெடுப்பில் வடக்கு கொத்தபாத்தோவிலிருந்து பங்சமோரோவில் சேர்ந்த 63 பராங்காய்களில் அவருடையதும் ஒன்று. அன்று மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பினார். கூயா இப்போது கத்தாரில். அவர் ஊர் பழைய மாகாணத்திலேயே இருக்கிறது. இருவரும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தப் பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன். காலையில் தொழுகை முடிந்து, தாத்தா கபரைச் சுத்தம் செய்துவிட்டு அப்போதுதான் வந்தாராம். பட்டாக்காரர் தாவோ நகரத்தில் இருக்கிறார். அங்கே குத்தகைக்கு உழுகிறவரிடம் முந்தின நாளே போய்க் கேட்டுக்கொண்டு, வாழை இலையில் கட்டிய 'பஸ்தில்' சோறு நான்கு பொட்டலம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாராம். "நல்ல மனுஷன், ஒரு வருஷம்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை" என்றார் பாய்.