கை கழுவும் இடத்தில் கர்ணன்

விற்பனைக்கு இல்லையாம். பசை போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிற கேசட், விற்பனைக்கு இல்லையாம். நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த ஒரு வாக்கியம்தான் என் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தும் பொத்தான் உடைந்த டேப் ரெக்கார்டர் மாதிரி.

கிருஷ்ணகிரியில் பெங்களூர் சாலைப் பக்கம் புதிதாக ஒரு வணிக வளாகம். மாடியில் டீக்கடை. டீக்கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், கஃபே. உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கேசட். இருநூறாவது இருக்கும். மேலே ஒரு பலகை: ‘நம் 1950-கள்’. ஐம்பதுகளாம்! பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியே விட்டதே 1963-இல். எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் டேப் ரெக்கார்டர் நுழைந்தது எண்பதுகளில், அதுவும் துபாய்க்குப் போன யாராவது ஒருவர் தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினால்தான்.

சரி, படிக்காத பிள்ளைகள் எழுதிய பலகை என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த ஊரில் இன்று காசு கொடுத்து ஒரு கேசட் வாங்க முடியுமா? நகரத்து காம்ப்ளெக்ஸ் ஒவ்வொன்றிலும் மாடிப்படிக்குக் கீழே ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் கூட்டிப் பார்த்து, “பி பக்கத்தில் மூன்று நிமிடம் மிஞ்சுகிறது, ஒரு சின்னப் பாட்டாகச் சொல் தம்பி” என்பார். 90 நிமிடக் கேசட் கேட்டால் திட்டுவார். டேப் மெல்லிசு, சிக்கிக்கொள்ளும், 60 வாங்கு என்பார். பதிந்து முடித்ததும் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் ஸ்க்ரூடிரைவரால் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கையில் தருவார், வீட்டில் யாரும் தவறி அழித்துவிடக்கூடாதே என்று. (பென்சில் விட்டுச் சுற்றிய கதையை நான் சொல்லப்போவதில்லை. அதை எல்லோரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.) பிறகு நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடி வந்தது, பிறகு மெமரி கார்டு. இப்போது அந்தப் படிக்கட்டுக்குக் கீழே செல்போன் உறை விற்கிறார்கள். பெரிய ஊர் மால்களின் இசைக்கடைகளுக்காக நான் அழ முடியாது. சென்னை ஸ்பென்சர் பிளாசாவில் மியூசிக் வேர்ல்டு இருந்த காலத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓசியில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

கதைக்கு வருகிறேன். டீ வருவதற்குள் சுவரை மேய்ந்துகொண்டிருந்தேன். நான்காவது வரிசை, இடமிருந்து ஏழாவது. வெள்ளை லேபிளில் நீல மை: ‘கர்ணன் கூத்து – 3’. கீழே ரெக்கார்டிங் சென்டரின் ரப்பர் ஸ்டாம்ப்: கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம். 2004-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய சரக்கு. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஏனென்றால் 1, 2, 4 எங்கள் வீட்டில் இருக்கின்றன.

திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தை நான்கு கேசட்டாகச் சுருக்கிய செட் அது. மூன்றாவதை ஒரு கல்யாண வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போனார்; போனது போனதுதான். அதில்தான் கர்ணன் போருக்குக் கிளம்புமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டம். இரண்டில் போருக்குக் கிளம்பத் தயாராகிறான், நான்கில் அம்பு பட்டுக் கிடக்கிறான். அப்பாவைப் பொறுத்தவரை கர்ணன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே இத்தனை வருடமாகச் செத்துக்கொண்டிருக்கிறான். மாதாமாதம் காசு பிடுங்குகிற செயலியில் கர்ணன் கூத்து என்று தேடினால் சினிமாப் பாட்டைக் காட்டுகிறது. அதே செயலி, போன மாதம் கேட்ட பாட்டை இந்த மாதம் சாம்பல் நிறமாக்கி, ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்கிறது. என் பகுதி அப்படியேதான் இருக்கிறது ஐயா, நீதான் ஓடிவிட்டாய்.

மேலாளரைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும்.

“தம்பி, அந்தக் கேசட் எனக்கு வேண்டும்.”

“அது இன்டீரியர் சார்.”

“ஐந்நூறு ரூபாய் தருகிறேன்.”

“விற்பனைக்கு இல்லை சார்.”

“ஆயிரம்.”

“எடுத்தால் சுவர்ப் பெயிண்ட் உரியும் சார். ஓனரைத்தான் கேட்க வேண்டும், அவர் பெங்களூரில் இருக்கிறார்.”

“போன் போடுங்கள்.”

“ஞாயிற்றுக்கிழமை எடுக்க மாட்டார் சார். வேண்டுமானால் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துப் போடுங்கள், பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி.”

செல்ஃபி! இரவல் கொடுத்த பொருளோடு நான் செல்ஃபி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, டீ ஸ்பூனின் காம்பைக் கேசட்டுக்கு அடியில் செருகி நெம்பினேன். ஐம்பது வயதில் செய்கிற வேலையா என்று பக்கத்து மேசைப் பெண்மணி பார்த்தார். கேசட் கையோடு வந்தது. பெயிண்டும் வந்தது.

லேசாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இரண்டு வெள்ளைச் சக்கரங்கள். டேப் இல்லை. ஒரு முழம்கூட இல்லை.

“அதையெல்லாம் உருவி அங்கே கட்டிவிட்டோம் சார்” என்று அந்தப் பையன் பெருமையாகக் கை காட்டினான். வாஷ்பேசினுக்கு மேலே, நாலு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத பழுப்பு நாடாக்கள், கொத்துக் கொத்தாக, ஏசிக் காற்றில் மின்னிக்கொண்டு ஆடின. 60 நிமிடக் கேசட் ஒன்றில் ஏறக்குறைய 90 மீட்டர் டேப் இருக்கும். அந்தச் சரங்களில் எது பொன்னுருவி, எது யாருடைய காதல் டூயட் என்று எந்த மகாதேவனுக்குத் தெரியும்? கீழே ஒரு குழந்தை கை கழுவிவிட்டு அதில் துடைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அது கிடக்கட்டும். நம் டேப் ரெக்கார்டரில் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு ஆறு வருடமாகிறது. நீ கேசட்டைக் கொண்டு வந்து காதில் வைத்தா கேட்டிருப்பாய்?” என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை. பில்லில் மாம்பழ ஜூஸ் 140 ரூபாய். என் மனைவி குடித்தது. எட்டிப் பார்த்தேன், அட்டைப் பெட்டியிலிருந்து ஊற்றுகிறார்கள். கிருஷ்ணகிரியில்! ஊரைச் சுற்றி மாந்தோப்பு, மாங்கூழ்த் தொழிற்சாலை. சீசனில் சாலையோரம் கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கிற ஊரில், பெட்டியை வெட்டி ஊற்றி, நூற்று நாற்பது! அதில் ஐஸ் பாதி.