முத்தோரை மலைச்சரிவும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

ஊட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது முத்தோரைப் பக்கம், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி தெரியும். மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் பெரிய இரும்புச் சட்டங்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், அதை ஏன் சமதளத்தில் வைக்காமல் சரிவில் வைத்தார்கள் என்று கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். இன்று இயற்பியல் படிக்கும் எனக்கு அந்த உட்கார்ந்தது இன்னும் வலிக்கிறது.

போன ஜனவரியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் சித்தி மகன், "இந்த சைன், காஸ் எல்லாம் எதுக்குக்கா?" என்று கேட்டான். அன்று ராத்திரி அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானி, அதன் நடுவில் கட்டிய நூல், நூலின் முனையில் ஒரு நட்டு. அவ்வளவுதான் கருவி. நல்ல பனி, விரல் விறைத்துப்போயிருந்தது. காசியோபியா நட்சத்திரக் கூட்டத்தை வைத்துத் துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, பாகைமானியின் நேர்விளிம்பு வழியே அவன் குறி பார்த்தான். நூல் 90 டிகிரிக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்று டார்ச் அடித்து நான் படித்தேன். முதலில் 15 டிகிரி, அடுத்து 9, அப்புறம் 12. கை நடுங்கியதாலா, குறி பார்த்ததில் தப்பா என்று அரை மணி நேரம் சண்டை. சராசரி எடுத்தோம், 12. ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11.4 டிகிரி. துருவ நட்சத்திரம் தெரியும் கோண உயரமும் நாம் நிற்கும் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று படம் போட்டுக் காட்டியதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

முத்தோரைச் சரிவின் ரகசியமும் இதுதான். விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1970இல் கட்டி முடித்த தொலைநோக்கி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக, ஊட்டியின் அட்சரேகைக்கு ஈடாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த மலையாகத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவில் படுத்தால் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு பூமி சுழல்வதற்கு ஈடாக அதை அதன் நீள அச்சில் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், ஒரே வான்பொருளை 9 மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். இரண்டு முனைகளுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று தம்பியையே போடச் சொன்னேன். 530 பெருக்கல் சைன் 11. விடை 101 மீட்டர். எதுக்குக்கா என்று கேட்ட அதே சைன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இயற்பியலும் கணிதமும் பேசிப் பேசித்தான் மண்டையில் ஏறும். தப்பாகச் சொல்லி, எதிரில் இருப்பவர் மறுத்து, மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துத்தான். வீட்டுப் பேச்சுத் தமிழிலேயே தாராளமாகப் பேசலாம். பிள்ளைகள் இப்படிப் பேசினால் "வெட்டிப் பேச்சு, போய்ப் படி" என்று பெற்றோர் விரட்டுவது எனக்குக் கோபமாக வருகிறது. அதுதானே படிப்பு?

நீலகிரியில் இருந்துகொண்டு உதாரணத்துக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. இதே ஊட்டியில் அண்டக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், வானிலிருந்து பொழியும் மியூவான் என்ற நுண்துகள்களை எண்ணியே, 2014 டிசம்பரில் நம் தலைக்கு மேல் நின்ற ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணித்தது. அந்த முடிவு 2019இல் வெளியானது. எத்தனை வகுப்பறைகளில் இதைப் பேசினார்கள்?

தம்பியோடு பேச்சு இப்போது நிலாவுக்கு வந்திருக்கிறது. முத்தோரைத் தொலைநோக்கியின் முதல் வேலையே, ரேடியோ அலை வீசும் வான்பொருளை நிலா மறைக்கும் நொடியைக் கவனிப்பதாகத்தான் இருந்தது. நிலா 27.3 நாளில் 360 டிகிரி சுற்றுகிறது. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு அரை ஆர்க்செகண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு டிகிரியில் 3600 ஆர்க்செகண்ட். ஆக, சிக்னல் எவ்வளவு நேரம் எடுத்து மங்குகிறது என்பதிலிருந்து அந்தப் பொருள் எவ்வளவு சிறியது என்று கணிக்கலாம்.

இதைச் சொல்லி முடிக்குமுன் அவன் கேட்டான்: "நிலா போற வழியில இல்லாததை எப்படிக்கா அளப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.