ரவி சக்கரியாஸும் நம்மூர் டிரஸ்ட் பத்திரங்களும்

சபை வாட்ஸ்அப் குழுவில் யாராவது ரவி சக்கரியாஸின் பிரசங்கத் துணுக்கு ஒன்றைப் போடுவார்கள். இன்னொருவர் "இவர் மேல் வந்த பாலியல் புகார்களைப் பற்றிய அறிக்கை தெரியுமா பிரதர்?" என்று கேட்பார். உடனே சங்கீதம் 105:15 வந்து விழும். "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." அத்தோடு பேச்சு நின்றுவிடும். கடலூர் மஞ்சக்குப்பம் முதல் புதுச்சேரி லாஸ்பேட்டை வரை இதே கதைதான். அந்த வசனத்துக்கு மூன்று வசனம் முன்னாலிருந்து வாசித்துப் பாருங்கள். நாடில்லாமல் அலைந்த சொற்ப ஜனங்களை ராஜாக்கள் ஒடுக்கக்கூடாது என்று சொல்லும் இடம் அது. பலமில்லாதவனுக்கு வேலியாக இருந்த வசனத்தைப் பிடுங்கி, பலமுள்ளவன் வீட்டைச் சுற்றி நட்டுவிட்டோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நாத்திகர்களின் கேள்விகளுக்குக் கிறிஸ்தவப் பதில் சொல்லிப் பெயர் வாங்கிய பேச்சாளர் ரவி. 1946ல் சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். 17 வயதில் தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யோவான் 14ஆம் அதிகாரம்தான் தன்னை மாற்றியது என்பது அவருடைய சாட்சி. 1966ல் கனடா போனார். 1976ல் அமெரிக்காவின் ட்ரினிட்டி செமினரியில் எம்.டிவ். என்ற இறையியல் பட்டம், 1980ல் கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ் சபையில் குருப்பட்டம், 1984ல் தன் பெயரிலேயே ஆர்.இசட்.ஐ.எம். அமைப்பு. புத்தகங்கள், வானொலி, பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள். அவர் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நாத்திக மாணவர் கேட்கும் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அனுமானத்தை வெளியே எடுத்துக் காட்டி, கேட்டவரையும் மதித்துப் பதில் சொல்வார். அந்த நேர்த்தி நம் மேடைகளில் அபூர்வம்.

முதல் விரிசல் பட்டத்தில் விழுந்தது. பல ஆண்டுகள் "டாக்டர்" என்றே அறிமுகம். கையில் இருந்தவை எல்லாம் கௌரவ டாக்டர் பட்டங்கள். ஆய்வு செய்து வாங்கிய பிஎச்.டி. ஒன்றும் கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வருகை அறிஞர் என்று போட்டுக்கொண்டதும் விசாரித்துப் பார்த்தால், 1990ல் அங்கே ரிட்லி ஹால் என்ற இறையியல் கல்லூரியில் தங்கிப் படித்த காலம். இதைத் தோண்டி எடுத்தவர் ஒரு நாத்திக வழக்கறிஞர். 2017 டிசம்பரில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. "சின்ன விஷயம்" என்று விசுவாசிகள் தள்ளிவிட்டார்கள். சின்ன விஷயத்தில் பொய் சொன்னவரிடம் பெரிய விஷயத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே 2017ல்தான் கனடாப் பெண் ஒருவரின் விவகாரம். போதகராக நம்பிப் பேசத் தொடங்கிய தன்னை ஆபாசப் படங்கள் அனுப்பும் நிலைக்கு இழுத்தார் என்பது அவர் புகார். அவருடைய வழக்கறிஞர் 50 லட்சம் டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பினார். ரவி முந்திக்கொண்டு, குற்றக் கும்பல்களுக்கு எதிரான சட்டத்தின் கீழ் அந்தப் பெண் மீதும் கணவர் மீதும் வழக்குப் போட்டார். நவம்பரில் சமரசம், கூடவே வாய் திறக்கக்கூடாது என்ற ஒப்பந்தம். அதன்பின் ரவி தன் பக்கத்தை அறிக்கையாக வெளியிட்டார்; அந்தப் பெண்ணுக்குப் பேச வழியில்லை. குருப்பட்டம் கொடுத்த சபையும் விசாரித்து, நடவடிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

2020 மே 19ல் புற்றுநோயால் இறந்தார். அஞ்சலிக் கூட்டத்தில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியே பேசினார். நான்கு மாதத்தில், அட்லாண்டா பக்கம் அவருக்குப் பங்கிருந்த ஸ்பாக்களில் வேலை பார்த்த பெண்களின் வாக்குமூலத்தை 'கிறிஸ்டியானிட்டி டுடே' வெளியிட்டது. அமைப்பு முதலில் மறுத்தது. பிறகு அதுவே அமர்த்திய மில்லர் அண்ட் மார்ட்டின் என்ற சட்ட நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை 12 பக்கம்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள். அத்துமீறித் தொட்டார் என்று சொன்ன மசாஜ் பெண்கள் ஐவர். பாலியல் வல்லுறவு என்று சொன்னவர் ஒருவர். வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போவதற்கு நீதான் பொறுப்பு என்று அவரை மிரட்டியிருக்கிறார். போன்களில் இருநூறுக்கும் மேற்பட்ட மசாஜ் தெரபிஸ்ட்களின் எண்கள், இளம் பெண்களின் நூற்றுக்கணக்கான படங்கள். அதே மாதம் குருப்பட்டம் பறிக்கப்பட்டது. பதிப்பகம் புத்தகங்களைத் திரும்பப் பெற்றது.

"விழுந்துபோனார், நாமும் எச்சரிக்கையாக இருப்போம்" என்று ஜெபம் பண்ணி முடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. தனி மனுஷனுடைய இச்சை எங்கும் உண்டு. இங்கே கேட்க வேண்டியது: இத்தனை ஆண்டு எப்படி ஓடியது?

பணத்தில் தொடங்குங்கள். "டச் ஆஃப் ஹோப்" என்று ஏழைகளுக்கு உதவும் நிதி ஒன்று இருந்தது. அதிலிருந்து போன பணத்தில் கணிசமான பகுதி நான்கு மசாஜ் பெண்களுக்குப் போயிருக்கிறது என்கிறது அறிக்கை. காணிக்கை போட்டவர் எந்தத் தாளிலும் இதைப் பார்த்திருக்க முடியாது. காரணம், அமைப்பு தன்னை "சபை" என்ற வகைக்கு மாற்றிக்கொண்டதால் பொதுவில் கொடுக்க வேண்டிய ஆண்டு நிதி அறிக்கையும் நின்றுவிட்டது. போர்டு உறுப்பினர்களின் பெயர்கள் வெளியே சொல்லப்படவில்லை. 2020ல் தலைமைச் செயல் அதிகாரி அவருடைய மகள். 2017ல் போர்டு செய்திருக்க வேண்டிய ஒரே வேலை போனை வாங்கி வெளியாள் ஒருவரிடம் கொடுப்பது. அதைச் செய்யாமல் அவர் வார்த்தையை நம்பினார்கள். பல ஆண்டுப் படங்கள் அந்தப் போன்களில்தான் இருந்தன.

அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமும் கூட்டாளிகளும் 1948ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் நான்கு தீர்மானம் போட்டார்கள். பண விஷயத்தில் கவனம், பெண்கள் விஷயத்தில் கவனம், உள்ளூர்ச் சபைகளைக் குறை பேசாமை, கூட்ட எண்ணிக்கையைப் பெரிதாக்காமை. நம்மாட்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, பெண்களோடு தனியாக லிஃப்டில் ஏறமாட்டேன் என்கிறார்கள். முதலாவதும் நான்காவதும் பேனர் அடிக்கும்போதே பறந்துவிடுகின்றன.

இப்போது நம்மூருக்கு வருவோம். 1740ல் கடலூரில் ஊழியம் தொடங்கிய லுத்தரன் மிஷனரி கீர்நாண்டரை இங்கே பலருக்கு நினைவிருக்காது. 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் கல்கத்தா போய், அங்கே பெரும்பாலும் சொந்தப் பணத்தில் ஒரு கோயில் (தேவாலயம்) கட்டினார். கோயில் அவருடைய சொத்தாகவே இருந்தது. 1787ல் கடன்காரர்கள் நெருக்கியபோது கோயிலும் சேர்ந்து ஜப்திக்கு வந்தது. சார்லஸ் கிராண்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கட்டி மீட்டு, டிரஸ்டிகள் பெயரில் வைத்தார். கீர்நாண்டர் கெட்டவர் இல்லை. பத்திரம் தப்பாக இருந்தது.

ஆற்காடு லுத்தரன், சி.எஸ்.ஐ. மாதிரிச் சபைகளில் ஐயருக்கு (போதகருக்கு) மாற்றல் ஆர்டர் வரும், சொத்து சபையின் பெயரில் இருக்கும். தேர்தல் சண்டையும் கோர்ட் வழக்கும் அங்கே தாராளம், அது வேறு கதை. சுயாதீன சபைகளில் பெரும்பாலும் டிரஸ்ட். பாஸ்டர் ஆயுள்கால நிர்வாக டிரஸ்டி, மனைவி இன்னொரு டிரஸ்டி, மகனோ மச்சானோ மூன்றாவது. பத்திரத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். மற்ற டிரஸ்டிகளை நீக்கும் அதிகாரம் யாருக்கு, பேங்க் கணக்கில் எத்தனை பேர் கையெழுத்து, அவருக்குப் பின் யார். மூன்றுக்கும் விடை ஒரே வீட்டு முகவரி என்றால் அங்கே போர்டு கிடையாது, குடும்பம் இருக்கிறது.

சங்கப் பதிவுச் சட்டத்தில் சொசைட்டியாகப் பதிந்த சபை பரவாயில்லை. குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும், நிர்வாகிகள் பட்டியல் ஆண்டுதோறும் பதிவாளரிடம் போக வேண்டும். எல்லையான முள்ளோடைக்குத் தெற்கே 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், வடக்கே புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டின் மத்திய சட்டம். இரண்டிலும் கட்டணம் கட்டிப் பதிவாளரிடம் தாளைப் பார்க்கலாம்.

சபைக் காணிக்கைக்கு நாம் 80ஜி என்று சொல்லும் வருமான வரிச்சலுகை ரசீது கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தச் சலுகை தர்ம காரியங்களுக்கு. மதச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முழுக்க ஆராதனை நடத்தும் இடம் அந்த ரசீதை எப்படிக் கொடுக்கிறது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். மேடையில் "டாக்டர்" போட்டிருந்தால் எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, ஆய்வுத் தலைப்பு என்ன என்று கேளுங்கள். இறையியல் பட்டம் தரும் செராம்பூர் செனட்டின் பட்டம் என்றால் விசாரிக்க வழி உண்டு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவே (யு.ஜி.சி.) வெளியிடுகிறது.

பாலியல் புகார் வந்தால் சபை மூப்பர்கள் முதலில் செய்வது இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது. தயவுசெய்து வேண்டாம். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் சம்பளமில்லாமல் தொண்டு செய்யும் பெண்ணும் பணியாளர்தான். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மேல் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் போக்சோ என்ற சிறார் பாதுகாப்புச் சட்டம். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத மூப்பரும் குற்றவாளி.

1 தீமோத்தேயு 5:19ஐக் காட்டி இரண்டு மூன்று சாட்சி கேட்பவர்கள் அடுத்த வசனத்தையும் வாசிக்கட்டும். பாவம் செய்த மூப்பரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. இந்த விவகாரத்தில் சாட்சிகள் ஐம்பதைத் தாண்டின, அவர் இறந்த பிறகு.

டிரஸ்ட் பத்திர நகல் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலமோ கட்டடமோ சேர்த்து எழுதிய பத்திரம் புத்தகம் 1 என்ற பதிவேட்டில் பதிவாகும். யார் மனுப் போட்டாலும் நகல் கிடைக்கும். அசையாச் சொத்து இல்லாத டிரஸ்ட் புத்தகம் 4க்குப் போய்விடும். அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் நகல். அப்படியானால் பாஸ்டரிடமே கேட்க வேண்டும். அவர் கோபப்பட்டால், பத்திரம் கைக்கு வரும்வரை தசமபாகத்தை வேறு நல்ல காரியத்துக்குக் கொடுத்துக்கொண்டிருங்கள்.