கடை அடைத்தது லண்டனில், கடன் ஏறியது திருப்பூரில்

"கொரோனா வந்து துணி வியாபாரத்தை ஆன்லைனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது." போன வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறவனாகக் காலம் தள்ளும் எனக்கு இது பாதிக் கதையாகத்தான் படுகிறது. கடையில் விற்றாலும் போனில் விற்றாலும் தைக்கிற கை ஒன்றுதான். விற்காமல் போனால் அந்தச் சரக்கு யார் தலையில் விழும் என்பதைத்தான் கொரோனா அப்பட்டமாகக் காட்டியது.

2020 மார்ச். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடாக ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் ஊரடங்கு அறிவிப்பதற்கு முன்பே எங்களுக்கு மெயில் வந்துவிட்டது. பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பிராண்ட், பெயர் வேண்டாம். ஆர்டர் எல்லாம் ஹோல்டு, அடுத்த தகவல் வரும்வரை எதையும் அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான். கோடை சீசன் டி-ஷர்ட் பாதி கார்ட்டனில் ஏறிவிட்டது, மீதி செக்கிங் டேபிளில் கிடந்தது. அடுத்த சீசனுக்கான துணி டையிங்கில். நூல் மில்லுக்குச் செக் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை ஆனால் வாரச் சம்பளம் போட வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு காலத்தில் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்ற பேங்க் உத்தரவாதம் இருந்தது. சரக்கைக் கப்பலில் ஏற்றி டாக்குமெண்டைச் சரியாகக் கொடுத்தால் பணத்துக்கு பேங்க் பொறுப்பு. பெரிய பிராண்டுகள் மெல்ல மெல்ல அதைக் கழற்றிவிட்டு, சரக்கு அனுப்பி 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் என்று ஆக்கிவிட்டன. நூல், சாயம், தையல் கூலி எல்லாம் நம் கைக்காசு, அதுவும் பேங்கில் வட்டிக்கு வாங்கியது. அந்த ஊர்க் கடை ஹேங்கரில் தொங்குகிற சட்டை பல நேரம் நம் கடனில்தான் தொங்குகிறது. அதனால் ஆர்டரை ரத்து செய்ய அவர்களுக்கு ஆன செலவு ஒரு மெயில்.

நம் ஊர் மட்டுமல்ல. வங்கதேசத்தில் அந்தச் சில வாரங்களில் ரத்தானதும் நிறுத்தி வைக்கப்பட்டதுமான ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். மலிவு விலைத் துணிக்கடை பிரைமார்க்குக்கு அப்போது ஆன்லைன் விற்பனையே கிடையாது. மாதம் 65 கோடி பவுண்டு விற்றுக்கொண்டிருந்த கம்பெனி ஒரே மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அவர்களுக்கும் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எச் அண்ட் எம் மார்ச் முடிவதற்குள்ளேயே, தைத்து முடித்ததையும் தைத்துக்கொண்டிருப்பதையும் எடுத்துக்கொண்டு பணம் தருகிறோம் என்றது. தைத்த சரக்குக்குப் பணத்தைக் கொடு என்ற 'பே அப்' பிரசாரம் சூடு பிடித்த பிறகு இன்னும் பலர் இறங்கி வந்தார்கள், பிரைமார்க் உட்பட. ஆக, கொடுக்க முடியாமல் இல்லை.

அதே சரக்கை வேறு எங்காவது விற்றிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பிராண்ட் லேபிளும் யூரோ விலை அச்சிட்ட டேகும் வைத்துத் தைத்த பீஸை அப்படியே விற்க முடியாது. லேபிளை வெட்டி எடுத்து, கிடைத்த விலைக்கு இங்கே காதர்பேட்டை பனியன் சந்தையில் தள்ள வேண்டும். துணிக்குப் போட்ட காசுகூடத் திரும்பாது.

இங்கிலாந்துப் பக்கம் பாருங்கள். 1778இல் தொடங்கிய டெபன்ஹாம்ஸ் கடைகள் திவாலாகி, 2021 ஜனவரியில் அந்தப் பெயரையும் இணையதளத்தையும் மட்டும் ஆன்லைன் துணிக் கம்பெனி பூஹூ 5.5 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. கடைகள் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்களும் வேண்டாம். அடுத்த மாதமே டாப்ஷாப் என்ற துணிக்கடை பிராண்டை இதே பாணியில் இன்னொரு ஆன்லைன் கம்பெனி ஏசாஸ் எடுத்தது. ஆன்லைன் புரட்சி என்று எல்லோரும் எழுதினார்கள். இப்படித் திவாலாகும்போது, அடமானம் எதுவும் கையில் இல்லாத சப்ளையர்கள் கடன் வசூலில் கடைசி வரிசையில் நிற்பார்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு.

மறைக்க ஒன்றுமில்லை, நம் ஊர் லாபமும் பார்த்தது. மேலே சட்டை, கீழே லுங்கி என்று உலகமே ஜூம் மீட்டிங்கில் உட்கார்ந்தபோது கோட்டு சூட்டு விற்றவர்கள் படுத்தார்கள். 1818இல் ஆரம்பித்த அமெரிக்க சூட் கம்பெனி புரூக்ஸ் பிரதர்ஸே 2020 ஜூலையில் திவால் மனு போட்டது. ட்ராக் பேண்ட், நைட் டிரஸ், டி-ஷர்ட் எல்லாம் பின்னலாடை, அதாவது நம் சரக்கு. 2020-21இல் 25,000 கோடி ரூபாய்க்குக் கீழே இறங்கிய திருப்பூர் ஏற்றுமதி அடுத்த வருடமே 33,000 கோடியைத் தாண்டியது. அதில் நூல் விலை ஏறியதன் பங்கும் உண்டு. அந்த விலை தாங்காமல்தான் 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. அதற்குள் அமெரிக்காவில் டார்கெட் போன்ற கடைகள் அளவுக்கு மீறி வாங்கிக் குடோனை நிரப்பிவிட்டு ஆர்டரைக் குறைக்க, இங்கே மறுபடி ஈயோட்டினோம்.

இந்த அடிகளிலிருந்து கடைக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம், கையில் ஸ்டாக் வைக்காதே என்பது. கொஞ்சமாக ஆர்டர் போடு, ஓடினால் அவசரமாக ரிப்பீட் கொடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வீணாவது குறையும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் பாராட்டுகிறார்கள். தையல் லைனில் வந்து பாருங்கள். புது ஸ்டைல் ஏறினால் முதல் நாள் கை ஓடாது, இரண்டாம் நாள்தான் வேகம் பிடிக்கும். பெரிய ஆர்டரில் அந்த முதல் நாள் நஷ்டம் கரைந்துவிடும். சின்ன ஆர்டரில் வேகம் பிடிக்கும்போது பீஸே தீர்ந்துவிடும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்காவுக்கு வாரக் கடைசியில் கையில் நிற்கும் காசு குறையும். டையிங்கிலும் சின்ன லாட்டுக்குக் கிலோவுக்கு ஆகும் செலவு கூடுதல். அந்தக் கூடுதலை எந்த பையரும் விலையில் ஏற்றித் தந்து நான் பார்த்ததில்லை. கம்பெனி அதை, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பவர் டேபிள்காரர் மேல் தள்ளும், அவர் டெய்லர் மேல் தள்ளுவார்.

பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டுகள் காய்கறி சப்ளையரிடம் பேசிய ஒப்பந்தத்தைப் பின்னால் இஷ்டத்துக்கு மாற்றினால் விசாரிக்க 2013 முதல் ஒரு தனி அதிகாரி உண்டு. துணிக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று அங்கேயே சிலர் கேட்டு வருகிறார்கள். 2025 ஜூலையில் இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் இங்கே எல்லோருக்கும் வரி போகிற சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அதைப் பற்றி நான் உட்கார்ந்து கேட்ட கூட்டங்களில் 90 நாள் பேமெண்டைப் பற்றியோ, பாதியில் ரத்து செய்தால் யார் பணம் தருவது என்றோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்திலாவது ஏற்றுமதியாளர் சங்கத்து ஆட்கள் இதை அஜெண்டாவில் முதலில் வைக்கட்டும்.