வெட்டிவேரின் பெயர் ஊர் ஊராகப் போனது, புல் நம் ஏரிக்கரைக்கு வரவில்லை

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று பேச்சு வந்தால் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு புல்லின் பெயரும் அந்த வரிசையில் இருக்கிறது: வெட்டிவேர். வெட்டி எடுக்கிற வேர் என்பதால் நம் ஆட்கள் வைத்த பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போய் 'வெட்டிவர்' ஆனது. தாவரவியலாளர்கள் வெட்டிவேரியா என்று ஒரு பேரினத்துக்கே பெயர் வைத்தார்கள். பிற்பாடுதான் அதைக் கிரைசோபோகன் என்ற இன்னொரு புல் பேரினத்தோடு சேர்த்தார்கள். வடக்கே இதே புல்லுக்கு கஸ் என்று பெயர் இருந்தும், வெளியுலகில் நிலைத்தது நம் சொல்தான். எனக்கு இதில் பெருமை உண்டு.

ஆற்றாமையும் உண்டு. நமக்கு வெட்டிவேர் என்றால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் ஒரு கட்டு வேர். பானைத் தண்ணீரில் போடுவோம், எண்ணெயில் ஊறவைப்போம், கோடையில் தட்டி கட்டி நனைத்துவிடுவோம். மேலே நிற்கும் புல்லை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

மண்ணரிப்பைத் தடுக்க அந்தப் புல்லை 1980களில் உலக வங்கி இந்தியாவிலேயே முன்னெடுத்தது. தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் அதைத் தூக்கிப் பிடித்தார். முதல் உலக வெட்டிவேர் மாநாடு 1996இல் அங்கே சியாங் ராயில் நடந்தது. சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தில், ஒரு சாண் இடைவெளிகூட விடாமல் தூர்களை நட்டால் வேலி மாதிரி அடர்ந்துவிடும். ஓடிவரும் மழைநீர் அதில் மோதி வேகம் குறையும், மண் பின்னாலேயே படியும், தண்ணீர் மட்டும் கசிந்து இறங்கும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக 3 மீட்டர் வரைகூட இறங்குவதால் பக்கத்துப் பயிரோடு போட்டி கிடையாது. பயிரிடும் வகை முளைக்கிற விதை விடாது, அதனால் களையாகப் பரவும் பயமும் இல்லை.

எங்கள் பக்கத்து ஏரியில் தூர்வாரிய மண்ணை அப்படியே கரையில் கொட்டினார்கள். புல் ஒன்றும் நடவில்லை. அடுத்த மழையிலேயே கரை முழுக்க விரல் விரலாக வாய்க்கால் விழுந்து, வாரிய மண் திரும்ப ஏரிக்குள் போனது. பார்க்க வயிறு எரிந்தது.

மலையே சரியும் ஆழமான நிலச்சரிவை இந்தப் புல் நிறுத்தாது. அதற்கு வடிகாலும் பொறியாளரும் வேண்டும். மேல்மண் கரைவதை நிறுத்தும். கரைக்கு நட்டதை வாசனைக்காகத் தோண்டவும் கூடாது. வெட்டிவேர்த் தைலத்துக்குப் பேர்போன கரீபிய நாடான ஹெய்ட்டியில் சரிவுகளில் வேரைத் தோண்டித் தோண்டியே மண் போகிறது. வேர் வேண்டுமா, கடலூர்ப் பக்கம் மணல் நிலத்தில் அதற்கென்றே பயிரிடுகிறார்கள், அங்கே வாங்குங்கள்.

அடுத்த கிராம சபையில் நான் ஒன்று கேட்கப் போகிறேன்: தூர்வார மதிப்பீடு போடும்போதே கரைக்கு வெட்டிவேர் நாற்று என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.