மார்ஸ்-500: ஆறு பேருக்கும் பைத்தியம் பிடித்ததா?

"மாஸ்கோவில் செவ்வாய்ப் பயண ஒத்திகைக்காகப் பூட்டி வைத்த ஆறு பேரும் தூக்கமில்லாமல் பைத்தியமாகிவிட்டார்கள், சோதனை பாதியில் நின்றது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

மார்ஸ்-500 என்ற அந்தச் சோதனைக்காக 2010 ஜூன் 3 அன்று உள்ளே போனவர்கள் 520 நாளையும் முடித்து, 2011 நவம்பர் 4 அன்று ஆறு பேராகவே வெளியே வந்தார்கள்.

சரி, தூக்கம்? அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி அசைவையும் வெளிச்சத்தையும் இடைவிடாமல் பதிந்தது. அதன்படி, போகப்போக நடமாட்டம் குறைந்து, தூக்கமும் ஓய்வும் கூடின. ஆனாலும் பெரும்பாலோருக்குத் தூக்கத்தின் தரத்திலோ விழித்திருக்கும்போது உள்ள கவனத்திலோ தூங்கி விழிக்கும் நேரத்திலோ ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. ஒருவருடைய ஒரு 'நாள்' 25 மணி நேரமாக நீண்டது. தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பன்னிரண்டே நாளில் மற்றவர்கள் தூங்கும்போது இவர் விழித்திருப்பார்! கூடவே இருந்தும் தனிமை. எனக்கு இதுதான் மனதைத் தொட்ட விஷயம். இன்னொருவருக்கு நாள்பட்ட தூக்கக் குறைவு. அப்புறம், பெரிய பாதிப்பில்லாமல் சமாளித்தவர்களும் அதே அறைகளில்தான் இருந்தார்கள்.

கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் சூரியனைப் பார்க்காமல் இருந்து இந்தத் தரவுகளைத் தந்தவர்களைப் பைத்தியம் என்று பரப்பாதீர்கள்.