ஈசிசி நினைவகம் மட்டும் போதாது

கணினியில் சேமித்த 0, 1 என்ற பிட்டுகள் சில சமயம் தானாகப் புரண்டுவிடும். அதைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி நினைவகம் போட்டுவிட்டால் போதும், நிரலில் பிழையை வேண்டுமென்றே புகுத்திப் பார்க்கும் கருவிகள் வெறும் ஆய்வுக் கட்டுரைச் சமாச்சாரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஈசிசி அவசியம் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2003இல் ஆப்பிளின் 1,100 பவர் மேக் ஜி5 கணினிகளைக் கொண்டு சிஸ்டம் எக்ஸ் என்ற மீக்கணினியைக் கட்டியது. அவற்றில் ஈசிசி கிடையாது. அடுத்த ஆண்டே ஈசிசி உள்ள எக்ஸ்சர்வ் என்ற ஆப்பிள் சர்வர்களுக்கு மாறினார்கள்.

ஆனால் வழக்கமான ஈசிசி, 64 பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட் வைத்து, ஒரு பிட் பிழையைத் திருத்தும். இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடிக்க மட்டுமே செய்யும். நினைவகத்தில் அல்லாமல், செயலியில் கூட்டல் செய்யும் மின்சுற்றிலேயே தவறு நேர்ந்தால்? தவறான விடையைத்தான் ஈசிசி பத்திரமாகப் பாதுகாக்கும்!

கணினி 64 பிட்டில் வைக்கும் இரட்டைத் துல்லிய எண் 1.0ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பிட் புரண்டால் மாற்றம் 2இன் -52ஆம் அடுக்கு அளவுதான். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எண் 2இன் எத்தனையாவது அடுக்கு அளவு என்பதைக் குறிக்கும் அடுக்குப் பகுதியின் உச்ச பிட் புரண்டால் முடிவிலி; அது எப்படியும் கண்ணில் படும். அதே பகுதியின் கடைசி பிட் புரண்டால் 0.5. நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எந்த நிரலில் எந்த இடம் இப்படி மௌனமாகக் கெடும் என்பதை அறியத்தான் எல்.எல்.எஃப்.ஐ போன்ற கருவிகள் இருக்கின்றன. அது, எல்.எல்.வி.எம் என்ற நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) மூல நிரலுக்கும் இயந்திர மொழிக்கும் நடுவே உருவாக்கும் இடைநிலைக் குறிமுறையில், வேண்டுமென்றே பிட்டைப் புரட்டுகிறது. வன்பொருளில் நேரும் எல்லாப் பிழைகளையும் அந்த மட்டத்தில் பிரதிபலிக்க முடியாது என்பது உண்மை; அந்தக் குறையை அவர் சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.